பேப்பரை எடுத்துவிட்டேன், மக்கா

மக்கா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நம் குடும்பக் குரூப்பில் போடப்போகிறேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் உன் அத்தையும், போனக்காட்டில் இருக்கும் உன் மாமனும், மற்ற எல்லாரும் படிக்கட்டும். உன் நிச்சயதார்த்தத்தன்று அத்தனை பேர் நடுவில் வைத்து நாம் ஒரு பொய்யைச் சொன்னோம். நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உண்மை தெரிந்தும் வாயில் லட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அதனால் இதையும் அவர்கள் நடுவில் வைத்தே சொல்கிறேன். நீ மலையாளப் பள்ளியில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே படி. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே, எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஏழு மணிக்கு, சாஸ்தமங்கலத்தில் பிலோமினாவின் மீன்கடைக் கண்ணாடிக்குப் பின்னால், கையில் பிளேடும் கன்னத்தில் வெள்ளிப் பெயின்ட்டுமாக நான் நின்றுகொண்டிருந்ததை உன் மாமனார் ஆகப்போகிறவர் பார்த்துவிட்டார். நான் டிராயிங் டீச்சர் இல்லை என்பதையும் என் வாயாலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் அவர் உனக்குப் போன் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். எப்படியானாலும் நீ இதை என்னிடமிருந்துதான் முதலில் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். செய்ததற்கு மன்னிப்புக் கேட்க இதை நான் எழுதவில்லை. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. அது வேறு, பதினாறு வருஷப் பழையது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ கழக்கூட்டத்திலிருந்து வந்தாய். சாப்பிட்டாய், கை கழுவிய ஈரத்தைச் சட்டையில் துடைத்தாய். பிறகு சொன்னாய்: "அம்மா, அந்த சாஸ்தமங்கலம் பணிய விட்டுரேன்."

"ஏம்லே?" என்றேன்.

"அவங்க அப்பா டெய்லி அந்த ஜங்ஷன் வழியாத்தான் நடக்கப் போவாரு. கல்யாணம் கழிஞ்சு செய்யலாமே. இல்லன்னா கண்ணாடிக்கு வெளிய பேப்பர் ஒட்டிட்டுச் செய். அப்போ ஆரும் காணாதல்லோ."

கடைசி வார்த்தைகளை நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இருந்ததா? நிச்சயதார்த்தத்தன்று உன் மாமியார் என் தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டே, "டீச்சர் எந்த ஸ்கூல்ல இருந்தீங்க?" என்று கேட்டபோதுதான் நீ அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பதே எனக்குத் தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையைக் கண்டதும் நானும், "பேட்டையில" என்று சொல்லிவிட்டேன். பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டு சுவரில் நான் பெயின்ட்டால் பெயர் எழுதியிருக்கிறேன், அதனால் அது முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் அத்தை தலையைக் குனிந்து லட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே உன்னை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பொய்க்கு நீ சட்டம் அடித்தாய், நான் பெயின்ட் அடித்தேன்.

பிலோமினாவை உனக்குத் தெரியாது. விழிஞ்ஞத்துக்காரி. இருபத்தைந்து வருஷமாக அலுமினியச் சருவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு சாஸ்தமங்கலத்தின் இடைவழிகளில் மீன் விற்றவள். அங்கே எந்த வீட்டிலும் அவளை முன்வாசலுக்குக் கூப்பிட்டதில்லை. பின்பக்கத்து கேட்டைத் தட்டி, துணி துவைக்கிற கல்லருகில் குத்தவைத்து, மீனை வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போக வேண்டும். இப்போது அதே ஜங்ஷனில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து ஒரு கடை பிடித்திருக்கிறாள். என்னைத் தேடி வந்து அவள் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "சேச்சி, பொறத்தால வித்தது மதி. இனி எல்லாரும் முன்னால வரட்டு. அதுக்குத் தக்க ஒரு எழுத்து வேணும்." ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பு என்று சர்ச்சில் ஃபாதரிடம் சொல்லி ஆசீர்வாதத்துக்கு நேரமும் வாங்கிவிட்டாள். நீ சொன்னபடி கல்யாணம் கழிந்து செய்கிறேன் என்று நான் சொல்லியிருந்தால் அவள் ஸ்டிக்கர் கடைக்குப் போயிருப்பாள். கம்ப்யூட்டர் வந்ததோடு கையால் போர்டு எழுதுகிற வேலை செத்துப்போனது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் துக்கம் விசாரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எனக்கு மாசி வரை வேலை இருக்கிறது. ஸ்டிக்கர் வெட்டுகிறவரே தன் கடைக் கண்ணாடிக்கு என்னைத்தான் கூப்பிட்டார். இதை நீ உன் ஆபீசில் சொல்லியிருக்கலாம், சொன்னதில்லை.

அந்தக் கண்ணாடிக்கு நான் முதலில் போட்ட படத்தைக் கேள். நடுவில் பெயர், பெரிய மலையாள எழுத்தில். அதன் கீழே, கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் பையன்களுக்காகத் தமிழில் ஒரு வரி: மீன் வெட்டிச் சுத்தம் செய்து தரப்படும். ஒரு பக்கத்தில் பெரிய நெய்மீன் ஒன்று, ஹோட்டல் மெனு கார்டில் வருவதுபோல் பளபளவென்று, வாலை வளைத்துக்கொண்டு. எனக்கே பெருமையாக இருந்தது. பிலோமினா பேப்பரை வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, கடைசியில் சொன்னாள்: "சேச்சி, இது செத்து மூணு நாளாயி. இத நான் விக்கத்தில்ல."

எனக்கு மூக்கு உடைந்துபோனது. அவள் சருவத்திலிருந்து ஒரு சாளை மீனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கண்ண நோக்கு. பொறத்தோட்டு தள்ளி நிக்கணும். உள்ள ஒரு வெளிச்சம் வேணும். அது போனா, பின்ன பூனைக்குக் குடுக்கலாம்." மறுநாள் முதல் பஸ்ஸில் விழிஞ்ஞத்துக்குப் போனேன். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில், தூரத்தில் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் நிற்க, ஈரமணலில் உட்கார்ந்து, துள்ளிக்கொண்டிருக்கும் சாளைகளின் கண்ணை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க வரைந்தேன். முப்பது வருஷம் பிரஷ் பிடித்தவள் ஒரு மீன்கண்ணைப் போடத் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது படத்தில் நெய்மீன் கிடையாது. பத்துச் சாளைகள், பெயருக்குமேல் வளைவாக, ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி விழுவதுபோல் போட்டேன். எதிலிருந்து துள்ளுகின்றன என்று கேட்டாள். கடலிலிருந்து என்றேன். "இல்ல, சருவத்துலேர்ந்து" என்றாள். ஐஸ்பெட்டியும் கண்ணாடியுமாக இவ்வளவு நல்ல கடை வைத்துவிட்டு அந்தப் பழைய அலுமினியத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று நான் இழுத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என் தலைல இருபத்தஞ்சு வருஷம் இருந்தது. என் கண்ணாடில இருக்கக் கூடாதா?" என்றாள். அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுடைய சருவத்தை மறைக்கச் சொன்னவள்தானே நான், உன்னைவிட எந்த வகையில் உசத்தி?

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ இதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கடைக்கண்ணாடியில் வெளிப்பக்கம் எழுதினால் நம் ஊர் மழை இரண்டு வருஷத்தில் தின்றுவிடும். அதனால் உள்ளிருந்து எழுத வேண்டும். எழுத்தெல்லாம் என் பக்கத்துக்கு இடம் வலம் மாறித்தான் தெரியும். அதோடு, சுவரில் செய்கிற வேலையின் வரிசை அப்படியே திரும்பிவிடும். சுவரில் பின்னணியை முதலில் அடித்து, கடைசியில் மினுக்கத்தை வைப்போம், தப்பினால் மேலே ஒரு கோட்டிங் அடித்து மூடிவிடலாம். கண்ணாடியில் முதலில் வைப்பதுதான் தெருக்காரருக்கு முன்னால் தெரியும். மீன்கண்ணில் இருக்கிற அந்த வெள்ளை வெளிச்சப் புள்ளி முதலில். அதன்மேல் கறுப்பு, பிறகு வளையம், பிறகு உடம்பின் வெள்ளி, கடைசியில் நீலம். முதலில் வைக்க மறந்ததைப் பின்னால் எவ்வளவு பெயின்ட் அடித்தும் கொண்டுவர முடியாது. இன்னொன்றும் உண்டு. சுவரில் எழுதுகிறவளின் முதுகுதான் தெருவைப் பார்க்கும். கண்ணாடியில் உள்ளிருந்து எழுதுகிறவளின் முகம் தெருவைப் பார்க்கும். போகிற வருகிற ஒவ்வொருவரையும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டேதான் கோடு இழுக்க வேண்டும்.

படம் வரைந்த பேப்பரைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, உள்ளிருந்து அதன்மேல் எல்லைக்கோடு போடுவது வழக்கம். கோடு முடிந்ததும் பேப்பரை எடுத்துவிட வேண்டும். வெறும் கண்ணாடியில்தான் நிறம் தெரியும். திங்கட்கிழமை மத்தியானமே கோடு முடிந்துவிட்டது. பேப்பரைப் பிய்க்கப் போனவள் கையை இறக்கிவிட்டேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன சொல் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளை கேட்டது ஒரே ஒரு சின்ன உதவி, பேப்பர் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். திங்களும் செவ்வாயும் அந்த வெள்ளைப் பேப்பருக்குப் பின்னால் திருடிபோல் உட்கார்ந்து வேலை செய்தேன். உன் மாமனார் இரண்டு காலையும் அந்த வழியாகப் போயிருப்பார். உன் விருப்பம் நிறைவேறியது.

இன்று விடிந்ததும் பிலோமினா வந்தாள். பொறுமை இல்லாதவள், என்னைக் கேட்காமலே பேப்பரை உரித்தாள். தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். முதலில் சிரித்தாள், கையைத் தட்டினாள். அப்புறம் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தாள். ஏழாவது மீனில் விரல் நின்றது. "சேச்சி, வா. இது ஒண்ணு செத்ததாக்கும்."

வெளியே வந்து பார்த்தேன். ஒன்பது மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஏழாவதின் கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லை. வெறும் கறுப்பு. எப்படி நடந்தது என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வெள்ளைப் பேப்பருக்கு முன்னால் வெள்ளைப் புள்ளி வைத்தால் எப்படித் தெரியும்? வைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் மேலே கறுப்பையும் வெள்ளியையும் போட்டு மூடிவிட்டேன். இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்தில்கூட நான் இப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. தொழில் தெரிந்த ஒருத்தி மறைந்துகொள்ள ஆசைப்பட்டால்தான் இப்படித் தப்பு வரும். பிலோமினா, "பேப்பர் எந்தினு எடுக்காம வச்ச?" என்று கேட்டாள். என் மகன் என்னை யாரும் பார்க்கக் கூடாது என்றான் என்று சொல்ல நாக்கு வரவில்லை, மக்கா. உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

பிளேடை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அந்தக் கண்ணைச் சுரண்ட ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, வெறும் கண்ணாடி வரை வர வேண்டும். குனிந்து, கண்ணாடியோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று சுரண்டிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு நிழல் விழுந்தது. வெள்ளை ஷூ, தொப்பி, கையில் மடித்த துணிப்பை. புதுக்கடையை வேடிக்கை பார்க்க, நெற்றிக்குமேல் கையை வைத்து, கண்ணாடியோடு முகத்தை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாளைதான் இருந்தது. பட்டுச்சேலையில் பார்த்தவளைப் பழைய சட்டைக்குள் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் திரும்பிக்கொண்டிருக்கலாம். பெயின்ட் டப்பாவை எடுக்கிற மாதிரிக் குனிந்திருக்கலாம். எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு. திரும்பவில்லை.

அவர் வாசலுக்கு வந்தார். "டீச்சரே... டீச்சர்தானே? இங்க எந்தா?"

"நான் டீச்சர் இல்ல சார். ஒரு நாளும் இருந்ததில்ல. சுவரும் கண்ணாடியும் எழுதுறதுதான் என் பணி. முப்பது வருஷமா."

"அப்போ... மோன் அன்னைக்குச் சொன்னது?"

"பொய். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அவன்மேல மட்டும் போட்டுறாதீங்க."

அவருடையது நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே ஆபீஸ் உத்தியோகம் பார்த்த குடும்பம், சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஃபைலைப் பார்ப்பதுபோல் அந்தக் கண்ணாடியைக் கீழிருந்து மேலே பார்த்தார். "இந்த மீனுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"கண்ணுல வெளிச்சம் வைக்க மறந்துட்டேன். சுரண்டிட்டுத் திரும்ப வைக்கணும்."

"ம்," என்றார். படியிறங்கி நடந்தார். பிலோமினா உள்ளிருந்து சத்தம் போட்டாள்: "சாரே, ஞாயிறாழ்ச்ச தொறக்கும். முன்வசம் வழி வரணும் கேட்டா!" அவர் வீட்டுப் பின்வாசலில் எத்தனை வருஷம் மீன் வெட்டியவளோ. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிரித்தாரா, முகம் சுளித்தாரா என்று தொப்பியின் நிழலில் எனக்குத் தெரியவில்லை.

அவர் போனபிறகு பிளேடைக் கீழே வைத்துவிட்டு ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பயப்படாத மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது. கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வது என்று நினைத்து அழுதேன். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் மாற்றிய பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் நகக்கண்ணில் நீலப் பெயின்ட் இருந்தது. எவ்வளவு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாதது. அவள் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள், "நல்ல கலர், ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். நீ நினைக்கிற அளவுக்கு அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், நீயாகச் சொல்வாய் என்று காத்திருக்கிறாள்.

இப்போது அந்தப் பழைய மன்னிப்பு. நீ ஏழாம் வகுப்பு படித்தபோது கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சுவரில் சிமென்ட் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். உன் அப்பா காய்ச்சலில் போய் அப்போது எட்டு வருஷம். அவர் இருந்தவரை அவர் கோடு போடுவார், நான் உள்ளே நிரப்புவேன். அவர் போனபிறகு கோடும் நான்தான், நிரப்புவதும் நான்தான். அன்று மூங்கில் சாரத்தின்மேல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உன் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். நாலு மணி சுமாருக்கு நீ மூன்று பையன்களோடு வந்தாய். பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக நீ வருவதே இல்லை, அன்று ஏனோ வந்தாய். உன் கூட்டாளிகள் சுவரைப் பார்த்து என்னமோ சொல்லிச் சிரித்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன், நீயும் என்னைப் பார்த்தாய். நான் சட்டென்று சுவர் பக்கம் திரும்பி, துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். என் பிள்ளையை அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே திருப்தி. ராத்திரி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்குப் பிடித்த பப்படம் இரண்டு கூடுதலாகப் பொரித்தேன்.

இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். திரும்புவதற்கு முன்னால் நான் ஒன்றைப் பார்த்தேன். நீ கையைத் தூக்கிக்கொண்டிருந்தாய். "அம்மா" என்று கூப்பிட்டுக் கை காட்டப்போனாய். தோள்வரைக்கும் கை வந்துவிட்டது. அதற்குள் நான் முதுகைக் காட்டிவிட்டேன். அந்தக் கையை நீ என்ன செய்தாய், எப்படி இறக்கினாய், அந்தப் பையன்களிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு நான் வேலை செய்கிற தெருப்பக்கமே நீ வந்ததில்லை. உனக்கு என்னைப் பார்த்து வெட்கம் இருக்கவில்லை, மக்கா. வெட்கப்பட வேண்டும் என்று நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன். டிராயிங் டீச்சர் இல்லாவிட்டாலும் அந்தப் பாடத்தை மட்டும் நன்றாகத்தான் நடத்தியிருக்கிறேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் வைத்தே கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதற்காக இனி நீ சொன்னபடி ஆடுவேன் என்று நினைக்காதே. கல்யாணப் பந்தலில் யாராவது "டீச்சர்" என்று கூப்பிட்டால் அங்கேயே திருத்துவேன். உன் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை என்ன வேலை என்று கேட்டால், கடைக்கண்ணாடி எழுதுகிறேன், உங்களுக்குக் கடை இருந்தால் சொல்லுங்கள் என்பேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை வேலைக்குப் போவேன், பிந்தின நாளும் போவேன். நகத்தைச் சுரண்டி எடுக்கச் சொல்லாதே, எடுக்க மாட்டேன். இதெல்லாம் அவர்களுக்குச் சம்மதமில்லை என்றால் அது அவர்கள் பாடு. என்னால் உன் கல்யாணம் நின்றது என்று நீ சொல்லலாம். நான் செய்கிற தொழிலால் ஒரு கல்யாணம் நிற்கும் என்றால் அந்தக் குறை தொழிலுக்கு இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாமனார் போன் செய்யும்வரை காத்திருக்காதே. இதைப் படித்து முடித்ததும் நீயாக அந்தப் பெண்ணிடம் போ. "எங்கம்மா கண்ணாடி எழுதுறவ, நான் பொய் சொன்னேன்" என்று நேரில் சொல். போனில் சொல்லாதே. அவள் கோபப்பட்டால் பட்டுக்கொள். ஒரு வீட்டைத் தொடங்கும்போது முதலில் வைக்க வேண்டியதை வைக்காமல் விட்டுவிட்டு, பிறகு வருஷக்கணக்காக மேலே மேலே பூசிக்கொண்டிருக்காதே. பின்னால் சுரண்டி எடுப்பது எவ்வளவு பாடு என்று இன்று காலை முழுக்கப் பார்த்துவிட்டேன். ஒரு சின்ன மீன்கண்ணுக்கு எனக்கு மூன்று பிளேடு ஆனது.

கண்ணைச் சுத்தமாகச் சுரண்டி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் புள்ளியை வைக்கப்போகிறேன். உன் மாமனார் நடக்கிற நேரமும் அதுதான், வேண்டுமென்றேதான் அந்த நேரத்தை வைத்தேன். கண்ணாடியில் பேப்பர் இருக்காது. கழக்கூட்டத்திலிருந்து ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் நீயும் வந்துவிடலாம். உள்ளே வர வேண்டாம், எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றால் போதும். உன்னைக் கண்டதும் இந்தத் தடவை நான்தான் முதலில் கையைத் தூக்குவேன், பிரஷ்ஷோடு சேர்த்து, தெருவே பார்க்கிற மாதிரி. கரமனையில் உன் தோளோடு நின்றுபோன அந்தக் கையை அப்போது நீ முழுக்கத் தூக்கினாலும் சரி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்துபோனாலும் சரி. நான் திரும்பிக்கொள்ள மாட்டேன், மக்கா, உன்னைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பேன்.

அம்மா